பஸ் கம்பெனி முதலாளி, பாவ்நகர் காளை, நம் கிண்டி கவர்னர்

#1 மண்ணடிக்காரன்

"நம்ம நெல்லூர் மாடு பிரேசிலில் பல கோடிக்கு விலை போச்சு" என்ற செய்தி எங்கள் வியாபாரிகள் சங்க வாட்ஸப் குழுவில் இந்த வாரமும் ஒருமுறை சுற்றி வந்தது. வியாட்டினா-19 என்ற அந்த வெள்ளைப் பசுவின் படம், அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு, தேசியக் கொடி. எனக்குத் தொழில் இரும்பு பைப். மாட்டைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. இவையெல்லாம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று படிக்கப் போனேன், படித்த இடத்தில் ஒரு ஆள் பிடித்து நிறுத்திவிட்டார்.

செல்சோ கார்சியா சிட். ஸ்பெயினில் பிறந்து பிரேசிலுக்குப் பிழைக்கப் போனவர். பரானா மாநிலத்தின் வடக்கே லண்ட்ரினா என்று ஒரு ஊர். 1930களில் ஆங்கிலேய முதலீட்டில் நடந்த ஒரு நிலக் கம்பெனி அங்கே காட்டை வெட்டி, மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தது. செக்கச்செவேல் என்ற மண். காபிக்கு அதைவிட நல்ல மண் கிடையாது, மழை பெய்தால் வண்டிக்கு அதைவிட மோசமான மண்ணும் கிடையாது. அந்தச் சேற்றில்தான் மத்தியாஸ் ஹைம் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டத் தொடங்கினார். 1934-இல் அது வியாசாவ் கார்சியா என்ற பஸ் கம்பெனி ஆனது. அந்தப் பெயரில் இன்றும் பஸ் ஓடுகிறது.

இதுவரை நம்மூர்க் கதைதான். ஒற்றை பஸ்ஸில் தொடங்கி கம்பெனி ஆனவர்கள் கோவையிலும் திருச்சியிலும் எத்தனையோ பேர். இவர் அதோடு நிற்காமல் மாட்டுப் பண்ணைக்குள் இறங்கினார். இருக்கிற மாடு போதாது, குஜராத்தின் கறவை இனமான அசல் கிர் வேண்டும் என்று 1950களின் கடைசியில் இந்தியாவில் தேடினார். குஜராத்தில் பாவ்நகர் மகாராஜாவிடம் நல்ல கிர் மந்தை இருந்தது. அங்கிருந்து கிடைத்த காளைக்குப் பெயர் கிருஷ்ணா. 1960 வாக்கில் அது பிரேசில் போய்ச் சேர்ந்தது. இன்று பிரேசிலின் கிர் மாடுகளில் பெரும் பங்குக்கு அந்தக் காளையின் ரத்தம் இருக்கிறது என்கிறார்கள். செத்த பிறகும் விடாமல் அதைப் பாடம் செய்து பண்ணையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இனிதான் நான் இந்த விவாத இழையைப் போட்டதற்கான காரணம். அந்த மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி யார் தெரியுமா? 1948 முதல் 1952 வரை மதராஸ் மாகாணத்தின் கவர்னர். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே அமர்ந்த முதல் இந்திய கவர்னர். நம் கிண்டியில் நாலு வருடம் இருந்துவிட்டுப் போன மனிதரின் தொழுவத்துக் காளைதான் பிரேசிலின் பால் கணக்கை மாற்றியிருக்கிறது. சென்னையில் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

என் கேள்வி இதுதான். பணம் வந்தவுடன் மாடு வாங்குகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளில் கிர் நிற்கிறது, புங்கனூர் குட்டை நிற்கிறது. அதில் ஒருவர் பெயராவது மாட்டுக்காரர்கள் வாயில் மரியாதையாக வருகிறதா? அந்த பஸ் முதலாளி மட்டும் எப்படி வந்தார்?

#2 ஐஸ்ஹவுஸ்

எங்கள் திருவல்லிக்கேணியில் மாட்டுக்கு முதலாளி யார் என்பதே மாநகராட்சி வண்டி வந்து மாட்டைப் பிடித்த பிறகுதான் தெரியும். அதுவரை அது பார்த்தசாரதி கோயில் மாடு, ஊர் மாடு, கடவுள் மாடு. அபராதம் பத்தாயிரம் என்று ஆனதும் பாதிப் பேர் "என் மாடே இல்லை சார்" என்கிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். மகாராஜா காளையை விற்றாரா, சும்மா கொடுத்தாரா?

#3 மண்ணடிக்காரன்

பிரேசில் பக்கம் பரிசு என்றே சொல்கிறார்கள். மற்ற மாடுகளைப் பணம் கொடுத்து வாங்கியிருப்பார். ஒரு ராஜா இனவிருத்திக்கு வைத்திருக்கும் தன் பொலிகாளையைக் கொடுக்கிறார் என்றால் எதிரில் நின்ற ஆள் மாட்டைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வியாபாரத்தில் நானும் பார்த்திருக்கிறேன். சரக்கு தெரிந்து கேட்கிறவனுக்குச் சொல்லும் விலை வேறு.

#4 ஓங்கோல்பேரன்

நல்ல இழை. ஒன்றை மட்டும் பிரித்து வைத்துக்கொள்வோம். வியாட்டினா கிர் இல்லை, அவள் நெலோர். நம் ஓங்கோல் இனம். என் தாத்தா காலத்தில் ஓங்கோல், நெல்லூர் எல்லாமே மதராஸ் ராஜதானி. வெள்ளைக்காரன் அந்த மாட்டை நெல்லூர் மாடு என்றுதான் எழுதினான், அந்தப் பெயரே பிரேசிலில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கதை கார்சியா சிட்டுக்கு வெகு முன்னால் தொடங்குகிறது. லெம்க்ரூபர் என்ற பிரேசில் பண்ணைக்காரர் 1878-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் போனபோது அங்கே மிருகக்காட்சி சாலையில் ஓங்கோல் ஜோடியைப் பார்த்தார். புலி, யானையோடு நம் மாட்டையும் வேடிக்கைப் பொருளாகக் கட்டி வைத்திருந்தார்கள். பார்த்தவர் அங்கேயே விலை பேசி ரியோ பக்கம் கொண்டு போய்விட்டார். அப்புறம் 1893-இல் தியோஃபிலோ டி கொடாய் என்பவர் நேரே இந்தியாவுக்கே மாடு வாங்க வந்தார். உபெராபா என்ற ஊர்க்காரர்களுக்கு அதன்பிறகு அது ஒரு தொழிலாகவே ஆனது. கப்பல் ஏறுவது, குஜராத்திலும் ஆந்திரக் கரையிலும் சந்தை சந்தையாக அலைவது, மந்தையோடு திரும்புவது. இன்று உலகத் திமில் மாட்டுக்காரர்களுக்கு உபெராபாதான் தலைநகரம். அங்கே நடக்கும் எக்ஸ்போசெபு கண்காட்சிக்கு மாட்டு உலகமே திரளும்.

1960களின் தொடக்கத்தில் டோரஸ் ஓமெம் ரோட்ரிக்ஸ் ட குன்யா என்பவர் கொண்டுபோன ஓங்கோல் காளைக்குப் பெயர் கார்வாடி. ஓங்கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் கரவாடி கிராமத்தின் பெயர் அது. எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் அந்தப் பக்கம்தான். பிரேசிலின் நெலோர் மாடுகளில் கார்வாடி வம்சம் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். கரவாடியில் போய்க் கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள், இளவட்டத்துக்குத் தெரியாது.

#5 அண்ணாநகர்_மேற்கு

எல்லோரும் பெருமைப்படுவதற்கு நடுவில் ஒரு சந்தேகம். அந்த நெலோர் மாட்டை அவர்கள் எதற்கு வளர்க்கிறார்கள்? பாலுக்கா?

#6 ஓங்கோல்பேரன்

இறைச்சிக்குத்தான். உலகத்துக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்வதில் பிரேசில் முன்வரிசை. அவர்களிடம் இருக்கும் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளில் பெரும்பகுதி திமில் உள்ளவை, அதிலும் நெலோர்தான் அதிகம். வியாட்டினாவுக்கு அந்த விலை வருவது அவள் கருமுட்டைக்கும் அவள் கன்றுகளின் உடற்கட்டுக்கும். கும்பிடு போட்டு அனுப்புகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கும் ஆசைதான் பார்க்க.

#7 நெறியாளர்

இதற்குப் பின் வந்த பதினோரு பதிவுகளை எடுத்துவிட்டேன். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் வசதியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மாடு வளர்த்த வியாபாரி.

#8 வேப்பேரி_டாக்டர்

கால்நடை மருத்துவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்ணடிக்காரர் விட்ட ஒரு துண்டைச் சேர்க்கிறேன். 1960-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு மாடு கொண்டுபோவது என்பது காசு இருந்தால் நடந்துவிடும் காரியம் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

சாத்தியது வெக்கை நோய், மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் தொற்றுநோய். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போகிற வழியில் திமில் மாடுகளை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கினார்கள். அவற்றிடமிருந்து நோய் அங்கே பரவிவிட்டது. ஐரோப்பா ஆடிப்போனது. 1924-இல் 28 நாடுகள் பாரிசில் கூடி கையெழுத்துப் போட்டுத் தொடங்கியதுதான் இன்றைய உலக விலங்கு நல அமைப்பு. 1921-இல் பிரேசிலிலேயே சாவோ பாவ்லோ பக்கம் நோய் தலைகாட்டியதும் அவர்களும் இந்திய மாடு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நடுவில் 1930-இல் ஒருமுறை திறந்தது. அப்புறம் 1960களின் தொடக்கத்தில் வந்தவைதான் கடைசிப் பெரிய மந்தைகள். அவற்றில் ஒரு தொகுதியை நேராகக் கரையில் இறக்காமல் நடுக்கடலில் இருக்கும் பெர்னாண்டோ டி நோரோன்யா தீவில் மாதக்கணக்கில் தனியாக வைத்துச் சோதித்தார்கள்.

வெக்கையின் கடைசித் தடம் இந்தியாவில் 1995-இல், நம் மாநிலத்தில்தான். 2011-இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முழுதாக ஒழித்த ஒரே நோய் அது. அதில் ஊசி போட்டு அலைந்தவர்களில் நானும் ஒரு சின்ன ஆள் என்பதால் நாலு வரி கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் அந்த பஸ் முதலாளியை நான் பார்ப்பது வேறு மாதிரி. அரசாங்கத்தோடு அனுமதிக்கு மல்லுக்கட்டி, கப்பல் பிடித்து, வழியில் எத்தனை சாகுமோ தெரியாத சரக்குக்குப் பணம் போட்டிருக்கிறார். வழித்தட பர்மிட்டுக்கு அலைந்து பழகியவருக்குத்தான் அந்தப் பொறுமை வரும்.

#9 திருநின்றவூர்_பண்ணை

நாங்கள் கிர் வைத்திருக்கிறோம். குஜராத் போய் நேரில் பார்த்து வாங்கினது. ஒவ்வொன்றும் லட்சத்துக்கு மேல். அசல் இனம், நெற்றி எடுப்பைப் பார்த்தாலே தெரியும், காது இலை மாதிரி சுருண்டு தொங்கும். அண்ணாநகர், முகப்பேர் பக்கம் கண்ணாடி பாட்டிலில் காலையில் பால் கொடுக்கிறோம். ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய் என்றால் எங்களுடையது நூறுக்கு மேல். கொடுத்து வாங்குகிறார்கள். ஏ2 பால், குழந்தைகளுக்குச் சளி பிடிக்காது, சர்க்கரை ஏறாது. மரியாதை இல்லை என்று ஏன் எழுதுகிறீர்கள்? எங்களைத் தேடி வாரத்துக்கு ஒரு யூடியூப் சேனல் வருகிறது.

#10 கொறங்காடு

யூடியூப்காரன் வருவது மரியாதை இல்லைங்க. பக்கத்து ஊர்க்காரன் தன் கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்து "உங்க காளைக்குச் சேர்த்துவிடுங்க" என்று நிற்பான் பாருங்கள், அதுதான் மரியாதை.

நான் காங்கேயம் பக்கம், வேலைக்கு அம்பத்தூரில் இருக்கிறேன். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். வியாபாரி இல்லை, பெரிய நிலக்கிழார். காங்கேயம் மாடு இன்று இந்த உருவத்தில் நிற்பதற்கு அவர் மந்தைதான் ஆதாரம் என்று கால்நடைத் துறைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் மாடு வைத்திருந்தார் என்பதற்காக யாரும் அவரைச் சொல்வதில்லை. எது பொலிகாளையாக நிற்க வேண்டும், எதைக் காயடித்து வண்டிக்கு விட வேண்டும் என்று தேர்ந்து, நல்ல காளைகளை வெளியே பரவவிட்டார். ஊர் மாடெல்லாம் நிமிர்ந்தது.

மாட்டோடு மேய்ச்சலும் உண்டு. கொறங்காடு என்றால் சும்மா விட்ட பொட்டல் இல்லை. கிளுவை வேலி போட்டு, நடுவில் வெள்வேல மரம் நிழலுக்கு விட்டு, கொழுக்கட்டைப் புல் விளையும் காடு. மழை தவறினாலும் அந்தப் புல் வேரில் உயிர் வைத்திருக்கும். மேய்ந்து நடந்து வளர்கிற மாட்டுக்குத்தான் அந்தக் கால் வரும். இங்கே ஷெட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே கட்டி நேப்பியர் புல் வெட்டிப் போட்டால் பால் வரும், சரி. இனம் வளர்க்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா.

#11 திருநின்றவூர்_பண்ணை

மின்விசிறி போடுவது தப்பா? மே மாதம் திருவள்ளூர் வெயிலில் வந்து நின்று பாருங்கள் தம்பி. உங்கள் காங்கேயம் ஒரு வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் என் ஷெட்டை விட்டுவிடுங்கள்.

#12 வேப்பேரி_டாக்டர்

இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் வந்த மாடு, அதைப் பாலில் அளப்பது சரியில்லை. கிர் பாலுக்கு வந்தது, அதற்கு நிழலும் காற்றும் வேண்டும்.

பண்ணைக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏ2 பற்றி: திமில் மாடுகளின் பாலில் பெரும்பாலும் ஏ2 வகைப் புரதம் இருப்பது உண்மை. அதனால் சளி வராது, சர்க்கரை ஏறாது என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்றது, ஒரு வாரத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நல்ல பாலை நல்ல பால் என்று விற்றாலே போதும், மருந்துக் கடை வேலை வேண்டாம்.

இனி மண்ணடிக்காரரின் கேள்வி. ஒரு காளை நல்ல காளையா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. காளை பால் கறக்காது. அதன் மகள்கள் கறந்து காட்ட வேண்டும். கணக்கைப் பாருங்கள். காளை பொலிக்குத் தயாராக மூன்று வயது. சினை ஒன்பதரை மாதம். பிறந்த கிடாரி வளர்ந்து முதல் ஈத்து ஈனும்போது கிர் இனத்தில் மூன்றரை, நாலு வயது ஆகிவிடும். பிறகு அந்த ஈத்தின் 305 நாள் பாலை அளந்து எழுத வேண்டும். ஆக, காளை தேறியதா தேறவில்லையா என்று தெரியும்போது அதற்கு எட்டு ஒன்பது வயது. பாதிக் காளைகள் அதற்குள் சந்தைக்குப் போயிருக்கும். ஒரு மகள் நன்றாகக் கறந்தால் தீவனமாக இருக்கலாம், தாய் வழியாக இருக்கலாம். பல மந்தைகளில், பல மகள்களை வைத்துப் பார்த்தால்தான் காளையின் குணம் தனியாகத் தெரியும்.

பிரேசில்காரர்கள் 1985-இல் பால் கிர்ருக்கு இந்தச் சோதனையை முறையாகத் தொடங்கினார்கள். அரசு ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபாவும் வளர்ப்போர் சங்கமும் சேர்ந்து. இன்றுவரை நடக்கிறது. கிர்ரோடு ஹோல்ஸ்டீன் என்ற ஐரோப்பியக் கறவை இனத்தைக் கலந்து எடுத்த ஜிரோலாண்டோ அங்கே 1996-இல் அரசு அங்கீகாரம் பெற்ற தனி இனம். எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டீன், மூன்று பங்கு கிர். அந்த நாட்டுப் பாலில் 80 சதவீதம் அதிலிருந்து வருகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். கார்சியா சிட் கொண்டுபோன மாடுகள் இல்லாவிட்டால் இதற்கு அடித்தளம் பலவீனமாக இருந்திருக்கும். ஆனால் மாட்டைக் கொண்டுபோய் இறக்கியது பாதிக் கதைதான். மீதிக் கதை பால் எழுதிய நோட்டுகள்.

#13 மண்ணடிக்காரன்

டாக்டர் சார், இந்த எட்டு ஒன்பது வருடக் கணக்கைப் படித்துவிட்டு கடையைச் சாத்தும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் சரக்கு தொண்ணூறு நாளில் பணமாகவில்லை என்றால் தூக்கம் போய்விடும். எட்டு வருடம் ஒரு முதலீடு நல்லதா கெட்டதா என்றே தெரியாமல் தீனி போட வேண்டும் என்றால், வியாபாரி மூளை அங்கே வேலை செய்யாது. அல்லது வேறு பக்கத்திலிருந்து பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்குப் படுவது, அந்த பஸ்தான் அவருக்கு அதைக் கொடுத்தது. தினமும் மாலையில் டிக்கெட் காசு வந்து விழும் தொழில். மாடு தன் சாப்பாட்டைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. நல்ல காளையை நல்ல விலை வந்ததே என்று விற்க வேண்டிய நாள் அவருக்கு வந்திருக்காது.

இன்னொன்றும் படித்தேன். ஸ்காட்லாந்தில் அமோஸ் குருக்‌ஷாங்க் என்று ஒருவர், 19-ஆம் நூற்றாண்டில் ஷார்ட்ஹார்ன் மாட்டில் பெரிய பெயர். 1837-இல் சிட்டிடன் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார், கூட இருந்த சகோதரர் ஆன்டனி அபர்டீன் நகரத்தில் வியாபாரி. அவர்கள் பண்ணையில் 1859-இல் பிறந்த காளைக்குப் பெயர் சாம்பியன் ஆஃப் இங்கிலாந்து. அதன் வம்சத்தை மந்தைக்குள்ளேயே வைத்து வருடக்கணக்கில் கட்டினார்கள். அங்கேயும் பாருங்கள், ஒருவர் கல்லாவில், ஒருவர் தொழுவத்தில். நம்மூரில் கல்லாவும் தொழுவமும் ஒரே ஆளாக இருப்பதால்தான் மூன்றாம் வருடம் பண்ணை விற்பனைக்கு என்று போர்டு விழுகிறதோ?

#14 ஐஸ்ஹவுஸ்

மூன்றாம் வருடம் என்பது பெரிய மனசு. எனக்குத் தெரிந்த ஒருவர் கேளம்பாக்கம் பக்கம் பத்து மாட்டோடு தொடங்கி அடுத்த பொங்கலுக்கே முடித்துக்கொண்டார். கறவைக்கு ஆள் நிற்கவில்லை. காலை நாலு மணிக்குக் கறக்க முதலாளிக்கும் எழத் தெரியவில்லை.

#15 அண்ணாநகர்_மேற்கு

ராஜா கொடுத்தார், கவர்னர் கொடுத்தார் என்று கொண்டாடுகிறோம். நம் வளத்தைத் தூக்கிக் கொடுத்தது என்று ஏன் யாரும் சொல்லவில்லை? இன்று பிரேசிலிலிருந்து கிர் விந்தை நாமே இறக்குமதி செய்வது பற்றிப் பேச்சு நடக்கிறது. நம் வீட்டு நகையை நாமே காசு கொடுத்து மீட்பது போல இருக்கிறது.

#16 வேப்பேரி_டாக்டர்

அம்மா, கோபம் நியாயம். ஆனால் கொடுத்ததால் இங்கே குறைந்துவிடவில்லை. போனது சில நூறு மாடுகள். இங்கே லட்சக்கணக்கில் இருந்தன. நாம் அந்த லட்சத்தை என்ன செய்தோம்? 1960களுக்குப் பிறகு பால் வேண்டும் என்ற அவசரத்தில் ஜெர்சியும் ஹோல்ஸ்டீனும் கொண்டுவந்து கலந்தோம். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்று கொள்கையே வகுத்தோம். அன்றைய பசிக்கு அது தேவைப்பட்டது. நானே ஆயிரக்கணக்கில் சினை ஊசி போட்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் என்னவென்றால், கலக்கும்போதே அசலை ஒரு பக்கம் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கலாம். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம் என்று வரிசையாகச் சொல்கிறோம். அவற்றில் ஆலம்பாடியை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாவ்நகர் ராஜா கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் காளை இங்கே கோசாலையில் வயதாகிச் செத்திருக்கும், அவ்வளவுதான்.

#17 கொறங்காடு

2017-இல் மெரினாவில் நானும் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தேன். ஜல்லிக்கட்டு திரும்ப வந்தது. அதனால் புலிக்குளம், காங்கேயம் காளைக்கு விலை ஏறியது என்பதும் உண்மை. ஆனால் வாடிவாசலில் சீறும் காளைக்குத்தான் விலை. பசுவுக்கு இல்லை. காளையை மட்டும் வளர்த்து இனம் நிற்காது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒரு கிடாரியை வீட்டில் கட்டியவர்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#18 ஓங்கோல்பேரன்

டாக்டர் சொன்னதற்கு மேலே ஒன்று. கரவாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் காளை வளர்த்தவர்கள் சாதாரண விவசாயிகள். ஏக்கர் கணக்கில் நிலம் இல்லை, பஸ் கம்பெனி இல்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பொலிகாளை ஊர் ஊராக மேய்ந்து திரியும், யாரும் அடிக்க மாட்டார்கள், நல்ல கன்றைத்தான் நேர்ந்துவிடுவார்கள். யோசித்தால் அதுவே ஒரு தேர்வு முறை. புகழ் டோரஸ் ஓமெமுக்குப் போனது. வளர்த்துக் கொடுத்தவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஊர்ப் பெயராவது காளைக்கு மிஞ்சியது. எனக்கு அந்த பஸ் முதலாளி மேல் மதிப்பு உண்டு. லண்ட்ரினாவில் ஒரு நெடுஞ்சாலைக்கே அவர் பெயர் இருக்கிறது, பல்கலைக்கழகம் அந்தச் சாலையில்தான். இங்கே கிருஷ்ணாவைப் பெற்ற பசுவை யார் கறந்தார்கள் என்று எழுதி வைத்தவர்கள் இல்லை.

#19 திருநின்றவூர்_பண்ணை

நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், கொறங்காடு தம்பி மனதில் வைக்க வேண்டாம். டாக்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்களிடம் இருப்பது சின்ன மந்தை, காளை ஒன்று. இதை வைத்துக்கொண்டு வளர்ப்பவர் என்று சொல்லிக்கொள்ள வழி இருக்கிறதா, இல்லை பால்காரனாகவே இருந்துவிடட்டுமா? கோபத்தில் கேட்கவில்லை.

#20 வேப்பேரி_டாக்டர்

பால்காரர் என்பது குறைவான தொழில் இல்லை, அதை முதலில் விடுங்கள்.

வழி இருக்கிறது. உங்கள் மாடுகளுக்குக் காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்க எண்ணோடு போட்டிருக்கும். இல்லாவிட்டால் உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள். அந்த எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தாய் எண், தகப்பன் பெயர், ஈன்ற தேதி எழுதுங்கள். மாதத்தில் ஒருநாள், அதே தேதியில், காலையும் மாலையும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். கேனில் மொத்தமாக அளந்தால் பயன் இல்லை. கன்று குடித்ததையும் விட்டுவிடாதீர்கள், ஒரு காம்பு விடுகிறவர்கள் அதையும் குறிப்பார்கள்.

காளை விஷயம் முக்கியம். இப்போது நிற்பதன் மகள்கள் பருவத்துக்கு வரும் முன் அதை மாற்றியாக வேண்டும். அப்பனையே மகளுக்குச் சேர்த்தால் இரண்டு தலைமுறையில் கன்று சுருங்கும், சினை நிற்காது. விற்றுவிட வேண்டியதில்லை, இதேபோல் கிர் வைத்திருக்கும் இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் உங்களைப் போல எத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒருவருக்கொருவர் போட்டியாளர் என்று பேசாமல் இருக்கிறீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே நோட்டு எழுதினால் அது மந்தை. புதுக் காளையோ விந்தோ வாங்கும்போது நெற்றியையும் காதையும் பார்த்துவிட்டு, அதன் தாய் ஒரு ஈத்தில் மொத்தம் எத்தனை கறந்தது என்று எழுத்தில் கேளுங்கள். "இருபது லிட்டர் கறக்கும் சார்" என்பது பதில் இல்லை. ஈன்று ஒரு மாதத்தில் எந்த மாடும் நன்றாகக் கறக்கும்.

#21 திருநின்றவூர்_பண்ணை

காளையின் தாய்க்கு எழுத்து எதுவும் என்னிடம் இல்லை ஐயா. தரகர் வீடியோ காட்டினார்.

#22 ஐஸ்ஹவுஸ்

வீடியோவில் வாளி எத்தனை லிட்டர் வாளி என்று கேட்டீர்களா?

#23 மண்ணடிக்காரன்

சிரிப்பு வந்தாலும் இது எங்கள் தொழிலிலும் உண்டு. பைப்பில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கும், சான்றிதழ் கேட்டால் வீடியோ அனுப்புவான்.

நான் இழையைத் தொடங்கியது ஒரு சுயநலத்தோடும்தான். என் மாமனாருக்கு உத்திரமேரூர் பக்கம் நிலம் கிடக்கிறது, கிர் வாங்கலாம் என்று நாலு மாதமாக என்னை நச்சரிக்கிறார். இந்த இழையை அவருக்கு அனுப்பினேன். முழுதும் படித்துவிட்டு, கிர்ரை விடு, அந்த காங்கேயம் சந்தை எங்கே என்று கேட்கிறார். கொறங்காடு தம்பி, பழையகோட்டைச் சந்தை இன்னும் நடக்கிறதா? காஞ்சிபுரம் பக்கத்து மண்ணில் காங்கேயம் பசு நிற்குமா?

#24 கொறங்காடு

நடக்கிறதுங்க, ஞாயிற்றுக்கிழமை. காங்கேயம் மாடு மட்டும்தான் அங்கே. சனிக்கிழமை ராத்திரியே காங்கேயம் வந்து தங்கிவிடுங்கள், விடிந்ததும் நல்ல உருப்படி கை மாறிவிடும். உத்திரமேரூரில் மாடு நிற்கும், ஆனால் மேய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள், கட்டியே போடுவதாக இருந்தால் வேண்டாம். முதல்முறை வாங்க வராதீர்கள், பார்க்க வாருங்கள். பல் பார்க்கத் தெரிந்த ஆளை நான் கூட அனுப்புகிறேன், என் சித்தப்பா. மாமனாரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், சந்தையில் வாயால் விலை சொல்லக்கூடாது. துண்டுக்குள் கையை விட்டுத்தான் பேச வேண்டும், விரல் கணக்கு சித்தப்பா சொல்லிக்கொடுப்பார்.

#25 திருநின்றவூர்_பண்ணை

நானும் வரலாமா தம்பி? வாங்க இல்லை, சும்மா.

#26 கொறங்காடு

வாங்கண்ணா. காரில் இடம் இருந்தால் டாக்டரையும் கூட்டிவாருங்கள்.